கரை கட்டாத வெளிச்சம்

வெளிச்சத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விட்டால் பரவும். ஊர்ப்பேச்சு மாதிரிதான், புறப்படும்போது ஊசிமுனை அளவு இருக்கும், நாலு எட்டு போவதற்குள் சுவர் முழுக்க நிறைந்துவிடும். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். அதைச் சிதறாமல் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கரை கட்ட வேண்டும். தெருவுக்கடியில் இணையத்தைச் சுமந்துகொண்டு ஓடும் கண்ணாடி இழை செய்வதும் அந்தக் காவல் வேலையைத்தான். கரையை எடுத்துவிட்டால் வெளிச்சம் தன் புத்தியைக் காட்டிவிடும்.

கரையே கட்டாமல் நேராகப் போக வைக்கிறேன் என்று சொன்னவனைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள்.

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு 'கணக்கு' என்று பெயர். காகிதமும் கணினியும் இருந்தால் போதும், சாப்பாட்டு நேரம்கூடத் தெரியாது. அவளுக்கு 'இருட்டு' என்று பெயர். கறுப்புத் திரை போட்ட அறைக்குள் உட்கார்ந்து, அவன் போட்ட கணக்கு நிஜத்தில் நடக்கிறதா என்று அளந்து பார்ப்பது அவள் வேலை. கணக்கையும் இருட்டையும் சேர்த்து வைத்தால் என்ன பிறக்கும் என்று அங்கே இருந்தவர்கள் கேலி செய்வார்கள். பிள்ளை பிறக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் ஒரு கோடு பிறந்தது. அந்தக் கோட்டைப் பற்றியதுதான் இந்தக் கதை.

முதன்முதலில் உணவக மேஜையில் சிந்தியிருந்த தேநீரில் விரல் வைத்து அவன் வரைந்து காட்டினான். தலைமுடியைவிட மெல்லிய சிலிக்கான் தகடு. அதில் வரிசை வரிசையாகத் துளைகள், கட்டம் போட்ட துணி மாதிரி. துளைக்கும் துளைக்கும் இடைவெளி சரியாக அமைந்துவிட்டால், ஒரே ஒரு நிறத்து வெளிச்சம் மட்டும் அதற்குள் பரவுகிற பழக்கத்தையே மறந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பப் பார்த்தாலும் துளைகளின் வரிசை அதை நேர் செய்துகொண்டே போகும். இதற்கென்று தனிப் பாதை கிடையாது. தகட்டின் விளிம்பில் எங்கே நுழைகிறதோ, அங்கிருந்து நேராக எதிர் விளிம்புக்குப் போய்ச் சேரும்.

"பிடிச்சு நிறுத்த ஆளே இல்லாம நேரா போகுமா?" என்று அவள் கேட்டாள்.

"போகும். அதோட குணம் அப்படி அமைஞ்சுபோகும். காவல் எதுக்கு?"

"மனுஷங்கள்ல அப்படி ஒருத்தரைப் பாத்தா நல்லா இருக்கும்."

"பாத்துக்கிட்டுதானே இருக்கே," என்றான் அவன்.

அவள் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்போடு அதை நம்பியும் விட்டாள். வேறு எதைப் பார்த்தும் அவள் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. அழகன் என்று சொல்ல முடியாது, வீட்டு வேலை ஒன்றும் வராது, முன்கோபம் வேறு. ஆனால் யாரும் பார்க்காதபோதும் நேராகப் போகிறவன் என்று நினைத்தாள். அது ஒன்று போதும் என்று இருந்துவிட்டாள்.

துளைத் தகட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சல்லடை'. வருஷக்கணக்காக நடந்ததும் சல்லடையில் தண்ணீர் மொண்ட கதைதான். ஒரு தகட்டில் துளை பெரிதாகிவிடும், ஒன்றில் சுவர் சொரசொரப்பாகிவிடும், ஒன்று இடுக்கியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து பொடியாகிவிடும். நல்லதாக ஒன்று கிடைத்தபோது அவளே விளிம்பை வெட்டினாள். சிலிக்கானை வெட்டுவது விறகு பிளப்பது போலத்தான். அதற்கென்று ஓர் ஓட்டம் இருக்கிறது. வைரமுனையால் ஓரத்தைத் தொட்டு மெல்ல அழுத்தினால், அந்த ஓட்டத்தோடு நேராகப் பிளந்துகொள்ளும். பிறகு தகட்டை ஒரு தாங்கியில் ஒட்டி, கண்ணாடி இழையின் முனையை அதன் விளிம்புக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, வெளிச்சத்தைச் செலுத்தினாள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது. தகட்டுக்கு மேலே இருக்கும் கேமராவின் கண்ணுக்குத்தான் தெரியும், அதுவும் திரையில்.

திரை இருட்டாகவே இருந்தது. இழையை நகர்த்தும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனாள். இருட்டு, இருட்டு, இருட்டு. ஓர் இடத்தில் திடீரென்று வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது. நூல் பிடித்தது போல நேராக, கொஞ்சமும் அகலாமல். அவள் போட்ட கூச்சலில் அவன் ஓடிவந்தான். வந்தவன் இருட்டு அறையில் நாற்காலியில் இடித்துக்கொண்டு விழுந்தான், விழுந்தபடியே திரையைப் பார்த்துச் சிரித்தான். அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். தேடியது கிடைத்த பிறகு மேற்கொண்டு யார் தேடுவார்கள்?

அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. ஆய்வுக்கூடத்து அறிமுகப் புத்தகத்தின் அட்டையில் ஏறியது. கடல் தாண்டி இருக்கும் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று அவனைத் துறைத் தலைவராக வரச்சொல்லிக் கூப்பிட்டது. கூடவே அவளுக்கும் ஓர் இடம். அவன் முதலில் போவது, வீட்டைக் காலி செய்துகொண்டு அவள் அடுத்த மாதம் போவது என்று முடிவானது. வழியனுப்பும் கூட்டத்தில் அந்தக் கோட்டையே பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அவன் கண்ணைத் துடைத்தபடி பேசினான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் தகட்டைப் பெட்டியில் வைக்கப் போனாள். வைப்பதற்கு முன் தூசி இருக்கிறதா என்று சாதாரண நுண்ணோக்கியில், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். விளிம்பிலிருந்து முடியைவிட மெல்லிய ஒரு வரி உள்ளே ஓடியது. ஊதிப் பார்த்தாள். போகவில்லை. விளக்கை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் பிடித்தாள். வரி அங்கேயே இருந்தது. திரையில் விழுந்த கோட்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு நீளம். அது விழுந்த அதே இடம்.

விரிசல். வெட்டிய அன்றைக்குத் தன் கை ஒரு பொட்டுக் கூடுதலாக அழுத்தியிருக்கிறது. சிலிக்கான் தன் ஓட்டத்தோடு கொஞ்சம் பிளந்துகொண்டிருக்கிறது. அந்த ஓட்டமும், வெளிச்சம் போக வேண்டிய திசையும் ஒன்றே. அப்படித்தான் துளைகளைப் போட்டிருந்தார்கள். விரிசலில் வெளிச்சம் பட்டால் விரிசல் மினுங்கும், அது கேமராவுக்கு வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். கேமராவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் இருட்டறைக்கு வந்துட்டுப் போங்களேன்."

"இப்பவா? டிக்கெட் விஷயமா அலைஞ்சுக்கிட்டு இருக்கேன். நாளைக்குக் கிளம்பறவன்கிட்ட என்ன வேலை வாங்கற?"

"வாங்க, சொல்றேன்."

வந்தான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தான். எடுக்கவே இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது, தலையை நிமிர்த்தினால் பேச வேண்டுமே என்று குனிந்தபடியே நிற்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

"தூசியா இருக்கும்," என்றான் கடைசியில்.

"ஊதிப் பாத்துட்டேன். விரிசல். நான் வெட்டினப்ப விழுந்தது."

"இருந்துட்டுப் போகட்டுமே. விரிசலும் இருக்கலாம், கோடும் இருக்கலாம்."

"இருக்கலாம். நானும் அதைத்தான் சொல்றேன். இழையை மறுபடி அதே இடத்துல நிறுத்தி வெச்சிருக்கேன், பாருங்க, திரையில கோடு தெரியுது. இந்தத் திருகைக் கால் சுத்து திருப்பினா வெளிச்சம் பக்கத்துல தள்ளி நுழையும். உங்க கணக்குல கரையே கிடையாதே. எங்க நுழைஞ்சாலும் அங்கிருந்து நேரா போகும்னுதானே சொன்னீங்க? அப்ப கோடும் கூடவே நகரணும். நகந்தா நீங்க ஜெயிச்சீங்க."

"நகரலைன்னா?"

"நகரலைன்னா இத்தனை நாளா விரிசலைக் கும்பிட்டிருக்கோம்."

அவன் சிரிக்கவில்லை. திருகைப் பார்த்தான். கை அதை நோக்கிப் போனது. விரல் அதன் மேல் பட்டதுகூட. கோடு நகர வேண்டும் என்று அவள் அப்போது வேண்டிக்கொள்ளவில்லை. அவன் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். கணக்கு தப்பாகப் போவது அங்கே தினம் நடக்கிற விஷயம். அதற்காக யாரும் யாரையும் வெறுப்பதில்லை. திருப்பிவிட்டு "அடடா" என்று தலையில் கை வைத்து அவன் உட்கார்ந்தால், பக்கத்தில் அவளும் உட்கார்ந்துகொள்வாள். எத்தனையோ அடடாக்களை இருவரும் சேர்ந்து பார்த்தவர்கள்தான்.

அவன் கையை எடுத்துக்கொண்டு சுவரிலிருந்த விளக்கைப் போட்டான். வெளிச்சத்தில் திரை வெளுத்தது.

"நான் போய்ச் சேரட்டும். எல்லாம் ஒரு நிலைக்கு வந்தப்புறம் நிதானமா பாத்துக்கலாம். இப்ப இதைத் தொடாதே."

"கால் சுத்துங்க. ஒரு நிமிஷம் ஆகாது."

"தொடாதேன்னு சொல்றேன்ல?" என்றான். கதவு வரைக்கும் போனவன் திரும்பி, "யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். அவன் போய்விட்டான்.

அவள் விளக்கை அணைத்துவிட்டுத் திருகைத் திருப்பினாள். கோடு நகரவில்லை. நின்ற இடத்திலேயே மங்கி, மங்கி, இல்லாமல் போனது. இன்னும் திருப்பினாள். இருட்டு. திருகை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை கொண்டுபோனாள். அப்பட்டமான இருட்டு.

வீட்டுக்கு வந்தபோது கூடம் முழுக்கப் பெட்டிகள். உதவிக்கு வந்திருந்த நாத்தனார், மூடிக்கொள்ளாத ஒரு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தாள். வாய் ஓயாத பெண்.

"அண்ணி, எங்க அண்ணன் பெட்டியில சட்டையைவிடக் காகிதம்தான் அதிகம். அங்க போய்க் காகிதத்தைத்தான் உடுத்திக்குவான் போல." சட்டம் போட்ட படத்தைப் போர்வையில் சுற்றப் போனவள் எடுத்து நிறுத்திப் பார்த்தாள். "ஏண்ணே, இந்த ஒத்தைக் கோட்டுக்கா அவ்வளவு பெரிய வேலை? எனக்கு ஒரு ஸ்கேலைக் குடுத்தா, நான் பத்துக் கோடு போட்டுத் தந்திருப்பேனே!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது அவளுக்கு எங்கேயோ வலித்தது.

நாத்தனார் சமையலறைக்குப் போனதும் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"திருப்பினேன்."

என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை. "அதைத் தொடாதேன்னு சொன்னேன்ல," என்றான்.

"நகரல. அங்கேயே மங்கிப் போச்சு."

கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது முடிகிறவரை அவன் அதையே எட்டிப் பார்த்தான்.

"வெட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்ப?"

"அப்ப நானே எழுதிடறேன். பத்திரிகைக்கு, உங்களைக் கூப்பிட்டவங்களுக்கு. என் கைப்பிசகுன்னே எழுதறேன். அந்தப் படம் நாம நெனச்சது இல்ல, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானா?" அவன் அவள் பக்கம் திரும்பினான். "நாப்பத்தஞ்சு வயசு எனக்கு. இன்னொரு தடவை யார் கூப்பிடுவாங்க? அவ்வளவுதானேன்னு சொல்ற!"

அவளுக்குப் பாவமாக இருந்தது. பயந்துபோன மனிதனைப் பார்த்தால் யாருக்குத்தான் பாவமாக இருக்காது? தோளில் கை வைக்கப் போனாள். அதற்குள் அவன் இன்னும் அருகில் வந்து, அடங்கிய குரலில் சொன்னான்:

"இந்த மாதிரித் தகடு எத்தனை உடைஞ்சிருக்கு. இடுக்கி வழுக்கிடுச்சு, தரையில விழுந்துடுச்சுன்னா யாரும் எதுவும் கேக்கப் போறதில்ல. அப்புறம் எதை வெச்சு யார் என்ன நிரூபிக்கப் போறாங்க?"

"உடைக்கச் சொல்றீங்களா?"

"உடைஞ்சா பரவாயில்லைன்னு சொல்றேன்."

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். உடை என்று சொல்லவில்லை, உடைந்தால் பரவாயில்லையாம். பாவம் அவள் கையில், பலன் அவன் மடியில். அவள் தோளுக்குப் போன கையை எடுத்துக் கைப்பிடிக் கம்பியில் வைத்துக்கொண்டாள். கம்பி குளிர்ந்திருந்தது. உள்ளேயிருந்து நாத்தனார் சாப்பிட வரச்சொல்லிக் கத்தினாள்.

மறுநாள் மதியம் அண்ணனும் தங்கையும் விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள். அவள் வரவில்லை என்றாள். ஆய்வுக்கூடத்தில் வேலை இருக்கிறது என்றாள்.

"ஆமா, அந்த வேலையை முடிச்சிடு," என்றான் அவன். கண்ணைப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறும்போது, "உடம்பைப் பாத்துக்க," என்றும் சொன்னான். அதுவும் மனசாரத்தான் சொன்னான். அதுதான் கஷ்டம். கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் அவளுக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

இருட்டறைக்கு வந்து தகட்டைத் தாங்கியோடு இடுக்கியில் எடுத்தாள். உடைத்துவிடலாம் என்றுதான் எடுத்தாள், மறைக்க வேண்டியதில்லை. பதினோரு வருஷத்து மனிதன். அவன் நடுத்தெருவில் நிற்பதைப் பார்க்க அவளுக்கும் தெம்பு இல்லை. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். மீதியைத் தரை பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அளக்கிறவளுக்கு ஒரு வியாதி உண்டு. கணக்கில் ஏதாவது இடித்தால் சாவு வீட்டில்கூட அது இடித்துக்கொண்டே இருக்கும். நேற்றுத் திருகைத் தள்ளியபோது திரை அப்பட்டமாக இருண்டது. ஏன் அப்படி இருண்டது? சரியாக வராத பழைய தகடுகளில் வெளிச்சம் கண்டபடி பரவும்போதெல்லாம், கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்ததுபோல ஒரு வெளுப்பு திரையில் படர்ந்திருக்கும். பரவுகிற வெளிச்சம் நாலு துளையில் இடறும், இடறினால் மேலே சிந்தும், சிந்தினால் கேமரா காட்டும். நேற்று ஒரு பொட்டு வெளுப்புகூட இல்லையே. உள்ளே போன வெளிச்சம் எங்கே போயிற்று?

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மேலேயிருந்து கேமராவுக்குத் தெரிவதெல்லாம் சிந்தியது மட்டும்தான். சிந்தாமல் போகிற வெளிச்சம் மேலே எப்படித் தெரியும்? அவன் கணக்கு சரியாக இருந்தால் திரை இருட்டாகத்தான் இருக்க வேண்டும். திருகைத் திருப்பித் திருப்பி அவர்கள் 'ஒன்றும் இல்லை' என்று தாண்டிப்போன அந்த இருட்டெல்லாம் வெற்றியாகக்கூட இருந்திருக்கலாம். விரிசல் வந்ததும் நின்றுவிட்டார்கள்.

போன வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் மேலேயிருந்து அல்ல, அது வெளியே வருகிற எதிர் விளிம்பில் பார்க்க வேண்டும். அந்த விளிம்பில்தான் தகட்டைத் தாங்கியோடு ஒட்டிய பசை வழிந்து உறைந்து கிடந்தது. முதல் நாளே அப்படி ஆகிவிட்டது; மேலே கோடு தெரிந்த பிறகு யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நகச்சாயம் அழிக்கிற அசிட்டோனை ஊற்றித் தகட்டை அதற்குள் இறக்கினாள். பசை வெளுத்து உப்பிப் பிரிந்துவர வெகுநேரம் பிடித்தது. நெடி மூக்கைத் துளைத்தது. காத்திருக்கும்போது தன் மனசுக்குள் எட்டிப் பார்த்தவள் திடுக்கிட்டாள். கணக்கு தப்பாகவே இருக்கட்டும் என்று அது வேண்டிக்கொண்டிருந்தது. தப்பாக இருந்தால், தோற்றுப் பயந்த மனிதன் ஏதோ உளறினான் என்று அந்தப் பால்கனிப் பேச்சை மன்னித்துவிடலாம். சரியாக இருந்தால் எதைச் சொல்லி மன்னிப்பது?

தகட்டை உலர்த்தி, மறுபடி நிறுத்தி, கேமராவைக் கழற்றி எதிர் விளிம்புக்கு நேரே பொருத்தினாள். விரிசலிலிருந்து நன்றாகத் தள்ளி இழையை நிறுத்தி வெளிச்சத்தைச் செலுத்தினாள்.

திரையில் ஒரு புள்ளி நின்றது. சின்னஞ்சிறு வெள்ளைப் புள்ளி.

திருகைத் திருப்பினாள். புள்ளி கூடவே வந்தது. இன்னும் திருப்பினாள். வந்தது, அகலவில்லை, மங்கவில்லை. வெளிச்சத்தின் நிறத்தைச் சற்று மாற்றினாள். புள்ளி சிந்திய பால்போலப் பரவியது. நிறத்தை அவன் கணக்குப் போட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி புள்ளி. அவ்வளவு துல்லியம். தகட்டின் ஒரு கோடியில் நுழைந்து, கரையில்லாமல், காவல் இல்லாமல், யார் கண்ணிலும் படாமல் மறுகோடி வரை அது நேராகப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை காலமும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அவள் கைதட்டிச் சிரித்தாள். "ஆமாங்க, ஆமாங்க, நீங்க சொன்னது சரிதாங்க!" என்று காலி அறையைப் பார்த்துச் சொன்னாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. எது நடந்தாலும் முதலில் அவனிடம் சொல்லியே பழகிய கை போனைத் தேடியது. எடுப்பதற்குள் அதுவே அடித்தது, நாத்தனாரின் எண்ணிலிருந்து. அவன்தான்.

"முடிச்சிட்டியா?"

நாக்கு நுனிவரை வந்திருந்த வார்த்தை உள்ளே போய்விட்டது.

"எதை?" என்றாள்.

"அதான், பேசினோமே."

"உடைஞ்சிடுச்சுன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்குமா?"

"கேக்கணுமா? நேத்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல எனக்கு. உடைஞ்சிடுச்சா?"

அவள் திரையைப் பார்த்தாள். அவனுடைய புள்ளி. வாலிபம் முழுக்கக் கொட்டி அவன் போட்ட கணக்கு. அந்த மௌனத்தை அவன் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டான்.

"நல்லதாப் போச்சு," என்றான். பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "ரொம்ப நல்லதாப் போச்சும்மா. இதை நான் உசிரு இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"உடைக்கல," என்றாள் அவள். "மேல பாத்தா தெரியாதுங்க. விளிம்புல பாத்தேன். புள்ளி நிக்குது. திருப்பினா கூடவே வருது. நீங்க போட்ட நிறத்துலதான் நிக்குது, மாத்தினா பரவுது. உங்க கணக்கு சரி. முதல் நாள்லேருந்தே சரி."

அவன் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். "நான் சொன்னேன்ல! அன்னிக்கே சொன்னேன்ல!" யாரிடமோ, தங்கையிடம்தான், "நான் சொன்னேன்!" என்றான். மறுபடி போனுக்கு வந்தான். "அந்தப் புள்ளியைப் படம் எடுத்து வை. பத்திரமா வை. அடுத்த கட்டுரைக்கு ஆகும்."

"பழைய படம் விரிசல்னு முதல்ல எழுதிடறேன்."

"அட, அதை ஏன் இப்பக் கிளறிக்கிட்டு? கணக்குதான் சரியாயிடுச்சே. இனிமே அந்தப் படம் எதுவா இருந்தா என்ன?"

"நேத்து உங்களுக்கு இது சரின்னு தெரியாதே," என்றாள் அவள்.

"அதான் இப்பத் தெரிஞ்சிடுச்சே! நேத்துப் பேசினதையெல்லாம் விட்டுடு. நான் விட்டுட்டேன் பாரு." சிரித்தான். மேஜையில் தேநீரால் வரைந்த நாளில் சிரித்த அதே சிரிப்பு. "கூப்பிடறாங்க. போய்ச் சேந்து பேசறேன். இந்தா, இவகிட்டப் பேசு."

போன் கை மாறியது. பின்னால் அறிவிப்புகளும் பெட்டிகளின் சக்கரச் சத்தமும் கேட்டன.

"அண்ணி, என்ன சொக்குப்பொடி போட்டீங்க? காலையிலேருந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தவன் குதிச்சுக்கிட்டுப் போறான்!"

"உங்க கணக்கு சரின்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா? ஆம்பளைங்களை ஏமாத்தறது எவ்வளவு சுலபம்!" நாத்தனார் சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே நின்றாள். "அண்ணி? அழறீங்களா? அட, ஒரு மாசம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். நாளைக்கு வந்து உங்க மீதிப் பெட்டிங்களையும் நானே கட்டித் தரேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரையில் புள்ளி அசையாமல் நின்றது.

"வாம்மா, கட்டாயம் வா," என்றாள். "கட்டி வெச்சிருக்கிறதையெல்லாம் பிரிச்சு மறுபடி அலமாரியில அடுக்கணும். எனக்கு ஒரு ஆள் கூட வேணும்."